எவலின் பிராண்ட்: மலைக்குத் திரும்பிய அம்மா

டாக்டர் பால் பிராண்ட் தன் அம்மாவின் முகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அவ்வளவு ஆழமாகச் சுருக்கம் விழுந்த இன்னொரு முகத்தை அவர் பார்த்ததே இல்லையாம். அதைச் சொன்ன கையோடு, அம்மா அழகானவர் என்றும் எழுதுகிறார். பெற்ற பிள்ளையின் பாசம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களையும் உருக்குலைந்த முகங்களையும் சீராக்குவதில் உலகம் அறிந்த அறுவை மருத்துவர் அவர். எது சிதைவு, எது அழகு என்று யோசித்து யோசித்தே வாழ்நாளைக் கழித்தவர். அந்த அம்மா தன் கடைசி இருபது ஆண்டுகளில் வீட்டில் ஒரு முகக்கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார்.

அந்த அம்மாவின் பெயர் எவலின் பிராண்ட். கடைசிக் காலத்தில் எல்லாரும் 'கிரானி பிராண்ட்' என்றுதான் அழைத்தார்கள். பாட்டி என்ற உரிமையோடு. தமிழ்நாட்டில் வேலூரையும் அங்கே பணியாற்றிய பால் பிராண்டையும் தெரிந்தவர்கள் நிறையப் பேர். கொல்லிமலையைத் தெரியாதவர் யாரும் இருக்க முடியாது. அந்த மலைக்கும் கல்வராயனுக்கும் பச்சைமலைக்கும் சித்தேரிக்கும் தன் முதுமை முழுவதையும் கொடுத்த இந்தப் பெண்மணியைத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருடைய ஆயுளில் மிகவும் காத்திரமான பகுதி, அந்த இரண்டு உறவுகளின் கடமைகளும் முடிந்தபிறகு, ஓய்வு பெறச் சொல்லி எல்லாரும் வற்புறுத்திய வயதில்தான் தொடங்கியது.

எவலின் ஹாரிஸ் 1879இல் லண்டனில் பிறந்தார். வசதியான வணிகக் குடும்பம். கண்டிப்பான பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். பைபிளும் ஜெபமும் ஞாயிறு ஆராதனையும் இல்லாத வாரம் அந்த வீட்டில் இருந்திருக்காது. எவலினுக்கு ஓவியத்தில் ஈடுபாடு, முறையாகப் பயிற்சியும் பெற்றார். முப்பது வயதைக் கடந்தும் மணமாகாமல் பெற்றோர் வீட்டில் இருந்த மகள். அந்தக் கால லண்டனில் அப்படிப்பட்ட பெண்ணுக்குத் திறந்திருந்த வாசல்கள் மிகச் சில.

அவர்களுடைய சபையில் ஒருநாள் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இளைஞர் பேசினார். கட்டடத் தொழில் கற்றவர். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற அமைப்பின் சார்பில் சேலம் சீமைக்கு வந்து பணி செய்தவர். அங்கே ஒரு மலை இருக்கிறது, சமவெளிக்காரர்கள் அதில் இரவு தங்கவே அஞ்சுகிறார்கள், அந்த அளவுக்குக் காய்ச்சல், மருத்துவர் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது என்று கொல்லிமலையைப் பற்றிச் சொன்னார். எவலின் தன்னை அந்த ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்துக் கப்பலேறினார். 1913இல் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம். அவருக்கு வயது 34. மாப்பிள்ளை ஆறு வயது இளையவர்.

திருமணத்துக்குப் பிறகு மலையேற்றம். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை இருக்கிறது, பேருந்து போகிறது. அன்று ஒற்றையடிப் பாதைதான். டோலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போக வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். மழையில் நனைந்து, சேற்றில் வழுக்கி, மணப்பெண் தன் வீடு போய்ச் சேர்ந்தார். வாழவந்தியில் ஜெஸ்ஸி தன் கையாலேயே கட்டிய மர வீடு அது.

அந்த மலையை அன்று ஆட்டிப்படைத்தது மலேரியா. கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை அறிவியல் கண்டுபிடித்துப் பதினைந்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. கையில் இருந்த ஒரே மருந்து குவினைன். மலையில் வாழ்ந்தவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைத்துவிடுகிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. நாடு நாடாகப் பிரிந்து, நாட்டார், ஊர்க்கவுண்டர் என்று தங்களுக்கென ஓர் ஆட்சிமுறையோடு, சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்தவர்கள். வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்கப் பாடல்கள் சொல்லும் மலை, அறப்பளீசுவரர் குடியிருக்கும் மலை. ஆக, பிராண்ட் தம்பதி போய் இறங்கிய இடத்தில் சாமியும் பூசாரியும் வழிபாடும் முன்பே வேரூன்றியிருந்தன.

தன் மதத்தைச் சொல்லத்தான் வந்தேன் என்பதை எவலின் யாரிடமும் மறைத்ததில்லை. அதைப் பற்றி இன்று பலருக்குப் பல கருத்துகள் இருக்கலாம். பிராண்ட் தம்பதியின் ஆரம்ப ஆண்டுகளில் மனம் மாறியவர் ஒருவரும் இல்லை. பிரசங்கத்தைக் கேட்டார்கள், மருந்தை வாங்கிக்கொண்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். அப்படியும் இருவரும் மலையைவிட்டு இறங்கவில்லை. ஜெஸ்ஸி லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் மிஷனரிகளுக்கான அடிப்படை மருத்துவம் ஓராண்டு படித்திருந்தார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பல் பிடுங்கினார், கட்டி கீறினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். பள்ளிகள் தொடங்கினார்கள். மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கவும் பழமரங்கள் பயிரிடவும் முயன்று பார்த்தார்கள். எவலின் பெண்களிடமும் குழந்தைகளிடமும் போனார்.

நரம்புச்சிலந்தியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இன்றைய தலைமுறைக்கு அந்த நோயின் பெயரே தெரியாது. குளத்திலும் படிக்கிணற்றிலும் உள்ள தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள் இருக்கும். அவற்றுக்குள் நரம்புச்சிலந்திப் புழுவின் குஞ்சுகள் இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் உடம்பில் ஓராண்டு வளர்ந்து, மூன்றடி நீளம்வரை போகும் புழு, பெரும்பாலும் காலில் கொப்புளமாகக் கிளம்பி வெளியே தலைநீட்டும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் நனைத்தால், புழு அங்கேயே ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்துவிடும். ஊரே குடிப்பது அந்தத் தண்ணீர்தான். வெளியே வந்த புழுவைச் சிறு குச்சியில் சுற்றி, நாளொன்றுக்குக் கொஞ்சமாக, அறுந்துவிடாமல் இழுக்க வேண்டும். அறுந்தால் சீழ் வைத்துவிடும். அப்பா அப்படிக் குச்சியில் சுற்றிப் புழு எடுத்ததைச் சிறு வயதில் பார்த்ததாகப் பால் எழுதியிருக்கிறார். மருந்தோ தடுப்பூசியோ அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கிணற்றுக்குச் சுவர் எழுப்பி, யாரும் கால் வைக்காமல் வாளியால் இறைக்கப் பழக்குவதும், துணியில் வடிகட்டிக் குடிக்கவைப்பதும்தான் வழி. ஜெஸ்ஸி அதைத் தொடங்கினார். பிற்காலத்தில் மலை மலையாகப் போனபோது எவலினும் ஊர் ஊராக அதையே சொல்லிக்கொண்டு போனார். இந்தியாவில் நரம்புச்சிலந்தியின் கடைசி நோயாளி பதிவானது 1996இல். 2000இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாடு அந்த நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளித்தது. அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் பெரிய அரசு இயக்கம் இருந்தது உண்மை. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, சாலையே இல்லாத மலையில் கிணற்றங்கரையில் நின்று இதே செய்தியைச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

பால் 1914இலும் தங்கை கோனி 1916இலும் பிறந்தார்கள். பிள்ளைகளுக்கு மலையே விளையாட்டுத் திடல். அப்பா கறையான் புற்றையும் சிலந்தி வலையையும் காட்டிப் பாடம் நடத்துவார். அம்மா எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுப்பார். பாலை ஓரிடத்தில் உட்காரவைப்பது பெரும்பாடு. மரத்தின் மேல் உட்கார்ந்து படிக்க அம்மா அனுமதித்தார். மேலே உட்கார்ந்து கணக்குப் போட்டு, கீழே நிற்கும் அம்மாவிடம் காட்டுவானாம் பையன். கண்டிப்பான சபையில் வளர்ந்த பெண் இப்படி ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்.

1918இல் விஷக்காய்ச்சல் மலையேறி வந்தது. ஸ்பானிஷ் இன்ஃபுளூயன்சா என்று உலகம் சொன்ன அந்தக் கொள்ளைநோயில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வீட்டில் ஒருவர் படுத்தால் மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஓடிய காலம். பசியாலும் தாகத்தாலும் செத்தவர்கள் நோயால் செத்தவர்களுக்குக் குறைவில்லாமல் இருந்திருப்பார்கள். ஜெஸ்ஸியும் எவலினும் பெரிய பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, ஊர் ஊராகக் கொண்டுபோய் வீட்டு வாசலில் ஊற்றிக் கொடுத்தார்கள். அவர்களிடம் வேறு மருந்து எதுவும் இல்லை.

அந்த மலையில் அவர்களைக் கடுமையாக எதிர்த்துவந்தவர் ஒரு பூசாரி. அவர் சொல்லுக்கு அஞ்சித்தான் பலர் பிராண்ட் வீட்டுப் பக்கம் வராமல் இருந்தார்கள். அவரும் அவர் மனைவியும் அதே காய்ச்சலில் விழுந்தார்கள். பக்கத்தில் வர ஆளில்லை. வந்தவர்கள் ஜெஸ்ஸியும் எவலினும் மட்டுமே. சாகும் தறுவாயில் பூசாரி தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். எவலின் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிவந்து தன் பிள்ளைகளோடு வளர்த்தார். இத்தனை ஆண்டுகள் பிரசங்கத்துக்கு அசையாத மலை இதைப் பார்த்தது. கொல்லிமலையில் சபை உருவானது அதற்குப் பிறகுதான்.

எவலினின் விசுவாசத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நிகழ்ச்சியே போதும் என்று நினைக்கத் தோன்றும். போதாது. அதே விசுவாசம் அவருடைய சொந்தப் பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொண்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1923இல் குடும்பம் விடுமுறையில் இங்கிலாந்து போனது. பாலுக்கு ஒன்பது வயது, கோனிக்கு ஏழு. படிப்புக்காகப் பிள்ளைகளை எவலினின் சகோதரிகள் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் இருவரும் இந்தியா திரும்பினார்கள். அந்தக் கால மிஷனரிக் குடும்பங்களில் இது வழக்கம். வழக்கம் என்பதால் வலி குறைந்துவிடாது. மரத்தில் ஏறிக் கணக்குப் போட்ட பையன், பளபளக்கும் மரச்சாமான்களும் ஒழுங்கு விதிகளும் நிறைந்த லண்டன் வீட்டில் வளர வேண்டியிருந்தது. அப்பாவும் அம்மாவும் கடிதங்களாகத்தான் வந்தார்கள். கடிதம் கப்பலில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும்.

1929 ஜூனில் ஜெஸ்ஸிக்குக் கருநீர்க் காய்ச்சல் கண்டது. மலேரியா முற்றி, இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய நிலை அது. வாழவந்தியில் 44 வயதில் இறந்தார். லண்டனுக்குத் தந்தி போனது. தந்திக்குப் பிறகும் அப்பாவின் கடைசிக் கடிதம் கப்பலில் பயணம் செய்துகொண்டிருந்தது. இறந்தவர் எழுதிய கடிதத்தைப் பதினான்கு வயதுப் பையன் பிரித்துப் படித்தான். கணவரை மலையில் அடக்கம் செய்துவிட்டு எவலின் இங்கிலாந்து வந்து இறங்கியபோது, நினைவில் இருந்த துடிப்பான அம்மாவுக்கும் எதிரே நின்ற நரைத்துக் கூன்விழுந்த பெண்ணுக்கும் தொடர்பே தெரியாமல் மகன் திகைத்துப்போனார். ஆறு ஆண்டுகள்தான் கடந்திருந்தன.

அத்தோடு ஊர் திரும்பிப் பிள்ளைகளோடு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வயது ஐம்பது. விதவை. இரண்டு பிள்ளைகள் லண்டனில். எவலின் மறுபடியும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

இந்த முடிவைப் புகழ்வதும் சுலபம், பழிப்பதும் சுலபம். தேவ அழைப்பு என்று கும்பிட்டுவிட்டுப் போகலாம், பிள்ளைகளைக் கைவிட்ட தாய் என்று தீர்ப்பும் எழுதலாம். இரண்டிலும் அவர் முழுதாக அடங்கவில்லை. அந்தப் பிரிவின் வலியைப் பால் பிராண்ட் தன் நூல்களில் மறைக்காமல் எழுதினார். அம்மாவை நேசிப்பதையும் அவர் நிறுத்தவில்லை. பிள்ளைகள் இருவருமே பெற்றோரின் வழியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கோனியும் மிஷனரியாகி ஆப்பிரிக்கா போனார். பெற்றோரின் விசுவாசத்தால் காயப்பட்டுப்போன பிள்ளைகள் பெரும்பாலும் அதிலிருந்து விலகி ஓடுவார்கள். இவர்கள் ஓடவில்லை என்பது, அந்தக் குடும்பத்தில் கடிதங்கள் வழியாகவே ஏதோ ஓர் உறுதியான பிணைப்பு நிலைத்திருந்தது என்பதற்குச் சாட்சி.

பால் மருத்துவராக விரும்பியவர் இல்லை. சிறுவயதில் சீழையும் இரத்தத்தையும் பார்த்து அருவருத்தவர். அப்பாவைப் போலவே கட்டடத் தொழில் கற்றார். பிறகு லிவிங்ஸ்டன் கல்லூரியில் அதே அடிப்படைப் பயிற்சிக்குப் போனபோதுதான் மருத்துவத்தின் மேல் ஆசை பிறந்தது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். மனைவி மார்கரெட்டும் டாக்டர், பின்னாளில் கண் மருத்துவத்தில் பெயர்பெற்றவர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேனோடு நோயாளிகளைப் பார்த்தபோது, விரல்கள் மடங்கிய ஒருவரிடம் தன் கையை இறுகப் பிடிக்கச் சொன்னார் பால். பிடி வலித்தது. கையில் வலுவான தசைகள் மிச்சம் இருக்கின்றன என்று தெரிந்தது. அங்கிருந்து தொடங்கியதுதான் நல்ல தசைநாரை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சை. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டும் சூடுபட்டும் தேய்கின்றன என்பதை உலகம் அறியவைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1960இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

அவர் எழுதிய ஒரு சிறுவயது நினைவு எவலினைப் பற்றியும் நிறையச் சொல்கிறது. கொல்லிமலை வீட்டுக்கு ஒருநாள் தொழுநோயாளிகள் மூவர் வந்தார்கள். பிள்ளைகளை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அப்பா கையுறை மாட்டிக்கொண்டு புண்களைக் கழுவிக் கட்டினார். அம்மா அவர்களுக்குத் தின்னக் கொடுத்தார். அவர்கள் போனபிறகு அந்த இடத்துப் பக்கம் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்கு உத்தரவு. மற்ற நோயாளிகளை வெறுங்கையால் தொட்ட வீட்டிலேயே இந்த ஒரு நோய்க்கு மட்டும் எல்லைக்கோடு போடப்பட்டது. அன்றைய மருத்துவ அறிவு அவ்வளவுதான். அந்தக் கோட்டை அழித்தவர் அதே வீட்டுப் பையன்.

எவலினின் கதை இந்தக் கட்டத்தில்தான் உண்மையில் வேகமெடுக்கிறது.

ஜெஸ்ஸி உயிரோடு இருந்தபோதே இருவருக்கும் ஒரு கனவு இருந்தது. கொல்லிமலையோடு நிற்காமல் சுற்றியிருக்கும் மலைகளுக்கும் போக வேண்டும். கணவர் இறந்தபிறகு மிஷன் அவரைச் சமவெளிப் பணியில் வைத்தது. மலைக்குப் போகும் வாய்ப்பு விடுமுறையில் மட்டும். 1947இல் அவருக்கு 68 வயது. ஓய்வு பெறும் காலம் வந்துவிட்டது, இனி இந்தியாவுக்கு அனுப்ப முடியாது என்றது மிஷன். எவலின் கெஞ்சினார், வாதாடினார். கடைசியாக இன்னும் ஒரே ஒரு பணிக்காலம் என்று அனுமதி பெற்று வந்தார். அந்த ஐந்தாண்டுகளிலும் கிடைத்த விடுமுறையெல்லாம் மலையிலேயே கழிந்தது. பணிக்காலம் முடிந்ததும் வழியனுப்பு விழா நடந்தது. இங்கிலாந்து திரும்புவார் என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்க, மிஷனிலிருந்துதான் ஓய்வு, இனிச் சொந்தப் பொறுப்பில் மலைக்குப் போகிறேன் என்று அறிவித்தார். எழுபதைத் தாண்டிய வயது. சம்பளம் கிடையாது. பின்னால் நிறுவனமும் கிடையாது.

கல்வராயன் மலையில் சின்னக் குடிசை போட்டுக்கொண்டார். மட்டக்குதிரை ஒன்றில் ஏறி ஊர் ஊராகப் போனார். கூடாரம் அடித்துத் தங்கினார். பகலில் மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், நரம்புச்சிலந்தி எடுத்தார், குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுத்தார். இரவில் லாந்தர் விளக்கில் பைபிள் வாசித்தார். யாருக்கும் வேண்டாத குழந்தைகளை எடுத்து வளர்த்தார். ஒரு மலையில் வேலை நிலைபெற்றதும் அடுத்த மலைக்குப் பெயர்ந்தார். இந்த மலைகளின் பல ஊர்களுக்கு அண்மைக்காலம் வரை சாலை கிடையாது. நோயாளியைத் துணித்தூளியில் கட்டிச் சுமந்து இறங்கும் செய்தியை நாம் இன்னும் நாளிதழில் படிக்கிறோம். அதைப் படிக்கும்போதெல்லாம், 1950களில் அந்தப் பாதையில் எதிர்த்திசையில் மருந்துப்பெட்டியோடு ஏறிய கிழவியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

75 வயதில் தனியாகப் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. வலியோடு இரவு முழுவதும் கிடந்தார். பிறகுதான் ஆட்கள் கண்டு, கட்டிலில் தூக்கி, ஜீப்பில் ஏற்றி, குண்டும் குழியுமான பாதையில் 150 மைல் கொண்டுபோய் மருத்துவரிடம் சேர்த்தார்கள். பால் நேரில் வந்து, போதும் அம்மா என்று மன்றாடினார். அவர் மருத்துவராகவும் பேசினார், மகனாகவும் பேசினார். எதுவும் எடுபடவில்லை. நான் இறங்கிவிட்டால் இந்த ஜனங்களைப் பார்க்க யார் இருக்கிறார்கள், தேவனுக்குப் பயன்படாத இந்தக் கிழட்டு உடம்பைக் காப்பாற்றி என்ன செய்யப்போகிறேன் என்பதுதான் அவர் பதிலின் சாரம். அதற்குப் பிறகு இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றி நடந்தார். குதிரையேற்றத்தையும் விடவில்லை. அப்படியே இன்னும் பதினெட்டு ஆண்டுகள். 93 வயதில், அடிக்கடி விழுந்ததால்தான் குதிரையை விட்டார். அதன்பிறகு ஊர்க்காரர்கள் அவரைத் தூளிக்கட்டிலில் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

இந்தப் பிடிவாதத்தை எப்படிப் புரிந்துகொள்வது? கடவுள் தனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார், அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் அவர் பொறுப்பு, குழுக்கூட்டத்தின் தீர்மானத்துக்கு அதில் இடமில்லை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது. தனக்கு மிஞ்சியிருக்கும் வாழ்நாள் யாருடையது என்பதில் எவலினுக்குக் கடைசிவரை குழப்பமே வரவில்லை. அந்தத் தெளிவைப் பார்க்கும்போது மரியாதையோடு கொஞ்சம் பொறாமையும் எழுகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பால் 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போகும்வரை, இருபது ஆண்டுகள் வேலூரில் இருந்தார். 1923இல் பிரிந்த தாயும் மகனும் இப்போது ஒரே மாநிலத்தில். மகனுக்கு ஆறு பிள்ளைகள். பேரப்பிள்ளைகளுக்கு மலைமேல் ஒரு பாட்டி. லண்டன் வீட்டில் கடிதத்துக்காகக் காத்திருந்த ஆண்டுகளை இது திருப்பிக் கொடுத்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் இருவரும் ஒரே வேலையின் இரு முனைகளில் நின்றார்கள். அறுவை அரங்கில் மகன் செய்த வேலைக்கும் மலையில் தாய் செய்த வேலைக்கும் மூலம் ஒன்றுதான்: மற்றவர்கள் தொடத் தயங்கிய உடம்புகளைத் தொடுவது.

பால் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தபோது, அவர் ஒரு மலைக்கிராமத்தில் ஆலயத்தைச் சுற்றியிருந்த குட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஜனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவர் முகத்தின் சுருக்கங்களை மகன் வேறு கண்ணோடு பார்த்தது அங்கேதான். அந்த ஜனங்களின் முகத்தில் தெரிந்த அன்பில் அம்மா தன் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டார், அதனால்தான் வேறு கண்ணாடி தேவைப்படவில்லை என்று அவர் புரிந்துகொண்டார்.

எவலின் 1974 டிசம்பர் 18 அன்று தன் 95ஆம் வயதில் இறந்தார். சவப்பெட்டி வேண்டாம், சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி மண்ணில் வையுங்கள் என்று சொல்லியிருந்தார். வாழவந்தியில் ஜெஸ்ஸியின் பக்கத்தில் அப்படியே அடக்கம் செய்தார்கள். கணவர் போய் 45 ஆண்டுகள் கழிந்திருந்தன. டாரத்தி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை 1976இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பால் பிராண்டும் பிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதிய நூல்களில் அம்மாவைப் பற்றி நிறைய எழுதினார்.

இவையெல்லாம் மிஷனரிகளின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டவை. மலையின் பக்கத்தில் என்ன நினைவு இருக்கிறது என்பதுதான் இனிச் சேகரிக்க வேண்டியது. தூளிக்கட்டிலில் அவரைச் சுமந்தவர்கள் இருந்தார்கள். அவரிடம் மருந்து வாங்கியவர்கள், பாட்டுக் கற்றவர்கள், அவர் பேச்சை ஏற்காமல் தன் குலசாமியோடு நின்றுகொண்டு அவரை அன்பாக நடத்தியவர்கள் இருந்திருப்பார்கள். 1965இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. கல்வராயனிலும் சித்தேரியிலும் பச்சைமலையிலும் அந்த வயதுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் கள்ளக்குறிச்சியிலும் கல்லூரிகள் இருக்கின்றன, மாணவர்கள் கையில் பதிவுக்கருவியோடு செல்பேசி இருக்கிறது. அந்த மலைக்காரர்களை அவர்களுடைய தமிழிலேயே பேசவிட்டுப் பதிவு செய்ய இன்னும் சில ஆண்டுகளே மிச்சம்.